செட்டிநாட்டு வீட்டில் ஹோம் தியேட்டர்: நாலு வருட அனுபவம்

பள்ளத்தூரில் எங்கள் பூர்வீக வீட்டு மாடி ஹாலில் ஹோம் தியேட்டர் வைத்து நாலு வருடம் ஆகிறது. ஹால் 26 அடி நீளம், 14 அடி அகலம். தரையில் ஆத்தங்குடிக் கல், சுவரில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு. தொட்டால் வழுக்கும். பார்க்க அத்தனை அழகு, ஆனால் சத்தத்துக்கு அதுதான் பகை. நடுவில் நின்று ஒருமுறை கை தட்டினால், கையை எடுத்த பிறகும் சத்தம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இதை யோசிக்காமல்தான் 5.1 செட் வாங்கினேன்: ஐந்து ஸ்பீக்கர், அதோடு பேஸ் எனும் அடித்தொனிக்கென்றே ஒரு சப்வூஃபர். கார்ப்பெட் விரித்த கடை அறையில் கேட்டபோது பிரமாதமாக இருந்தது. வீட்டில் முதல் படம் ஓடி முடிந்ததும் அப்பத்தா சொன்னது: “சண்டையெல்லாம் நல்லாத்தான் கேக்குது அப்பு, பேசுறதுதான் ஒண்ணும் வெளங்கல.”

வால்யூமைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்து கூடியது. சரி, அறையைத்தான் கவனிக்க வேண்டும் என்று புரிந்தது. நூறு வருடப் பூச்சில் ஆணி அடிக்க மனம் வரவில்லை. ஆசாரியிடம் சொல்லி, சுவரில் சாய்த்து வைக்கிற மாதிரி ஆறு மரச் சட்டங்கள் செய்தேன். உள்ளே சத்தத்தை உறிஞ்ச 4 அங்குல ராக்வூல் (கல்லை உருக்கிச் செய்கிற பஞ்சு), மேலே பழைய கண்டாங்கிச் சேலை. துணி வழியாக ஒலி உள்ளே போக வேண்டும். அதனால் வாயை வைத்து ஊதிப் பார்த்தேன், மறுபக்கம் காற்று வந்தது. தரையில் கனமான ஜமுக்காளம். அன்று ராத்திரியே வசனம் தெளிந்துவிட்டது.

படத்தின் பேச்சு பெரும்பாலும் முன்னால் நடுவில் வைக்கும் சென்டர் ஸ்பீக்கரில்தான் வருகிறது. அதனால் பட்ஜெட் இடித்தால் பின்னால் வைக்கும் சரவுண்டில் குறையுங்கள், சென்டரில் குறைக்காதீர்கள். அதை ஸ்டாண்டின் விளிம்புக்கு இழுத்து, காது பக்கம் லேசாக நிமிர்த்தி வையுங்கள்.

சப்வூஃபரை மூலையில் வைத்தபோது பேஸ் பொங்கி வழிந்தது. அப்புறம் அதை நாங்கள் உட்காரும் இடத்தில் வைத்து, பேஸ் நிறைந்த பாட்டு ஒன்றை ஓடவிட்டு, சுவரோரமாகக் குனிந்து நடந்து கேட்டேன். எங்கே சீராகக் கேட்டதோ அங்கே சப்வூஃபரை மாற்றினேன். கிராஸ்ஓவர், அதாவது எதற்குக் கீழான ஒலி சப்வூஃபருக்குப் போகும் என்ற எல்லை, 80 ஹெர்ட்ஸ். அப்போதும் கிர்ரென்று ஒரு சத்தம் விடாமல் வந்தது. ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதோ என்று பயந்தேன். ஜன்னல் மேலே இருந்த பச்சைக் கண்ணாடி ஒன்று சட்டத்தில் ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. விரலால் அழுத்தினேன், நின்றது. கொஞ்சம் பட்டி வைத்ததோடு சரியாகிவிட்டது.

100 அங்குலத் திரை ஏழேகால் அடி அகலம் வரும், ராத்திரியில் பார்க்க அருமை. பகலில் ஜன்னல் வெளிச்சத்தில் புரொஜெக்டர் படம் வெளுத்துப்போகிறது. பகலில் பார்க்கிற வீடு என்றால் 65 அங்குல டிவியே போதும். தலைக்கு மேலிருந்தும் சத்தம் வரும் அட்மாஸுக்கு மேலே ஸ்பீக்கர் வைக்கவில்லை, கூரையின் பர்மா தேக்கில் துளை போட நான் தயாரில்லை.

இரண்டாம் வருடம் ஐப்பசி இடியில், ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரில் படமும் ஒலியும் கொண்டுவரும் கேபிள் சேரும் ஹெச்டிஎம்ஐ போர்டு போனது. ஸ்டெபிலைசர் இருந்தும் போனது. இப்போது மேகம் கறுத்தாலே பிளக்கோடு டிஷ் கேபிளையும் கழற்றிவிடுகிறேன்.

பின்சுவருக்கு இன்னும் இரண்டு சட்டம் வேண்டும். ஆசாரியிடம் சொல்லியிருக்கிறேன், சேலை அப்பத்தா எடுத்து வைத்திருக்கிறார்.