பிளாக் ஹீட்டரா, குளோ பிளக்கா?

கோலாலம்பூரில் விடியற்காலையில்கூட வெப்பம் 22 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆகவே டீசல் லோரி காலையில் அடம்பிடித்தால் பிளாக் ஹீட்டரைத் தேடாதீர்கள். அது கனடா போன்ற உறைபனி நாடுகளுக்கானது. இன்ஜினுக்குள் இருக்கும் கூலண்டை (குளிர்விக்கும் திரவத்தை) அது மின்சாரத்தில் 2 முதல் 4 மணி நேரம் சூடாக்கினால் ஆயில் இளகும், ஸ்டார்ட்டர் சுலபமாகச் சுற்றும். அங்கே விற்கும் 120 வோல்ட் ஹீட்டரை நம் ஊர் 230 வோல்ட்டில் செருகினால் கிட்டத்தட்ட நான்கு மடங்கு மின்சக்தி இழுத்துக் கருகிவிடும்.

இங்கே பார்க்க வேண்டியது குளோ பிளக். எரியறையைச் சில நொடிகளில் சூடாக்குவது அதுதான். (பெரிய லோரிகள் பலவற்றில் இது இருக்காது, பிக்கப், சிறிய லோரிகளில் இருக்கும்.) வயரைக் கழற்றி, பிளக்கின் தலைக்கும் இன்ஜின் பாடிக்கும் இடையே மல்டிமீட்டர் வையுங்கள். 2 ஓமுக்குள் இருந்தால் பெரும்பாலும் நல்லது. இணைப்பே இல்லையென்று காட்டினால் செத்துவிட்டது. செத்த பிளக்கை இன்ஜின் சூடாக இருக்கும்போதே கழற்றுங்கள். கரி பிடித்ததை முரட்டுத்தனமாகத் திருகினால் முனை முறிந்து, இன்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டையே இறக்க நேரிடும்.

எல்லாப் பிளக்கும் சரியா? அடுத்து பேட்டரி, பிறகு டீசல் குழாயில் புகுந்த காற்று.