‘இரண்டும் ஒன்றுதான்’ என்று சொல்லி விற்கப்படும் ராணுவத் தோட்டாக்கள்: ஓர் எச்சரிக்கை

பென்சில்வேனியாவில் வேட்டைக்குப் போகும் நம்மவர்கள் இதைப் படித்துவிட்டுத் தெரிந்தவர்களுக்கும் சொல்லுங்கள். உங்களிடம் இருப்பது .223 ரெமிங்டன் என்ற தோட்டா வகைக்கான ரைஃபிள் என்றால், கடைக்காரர் தம் பையில் போட்டுத் தாமே சீட்டு ஒட்டி விற்கும் உதிரித் தோட்டாக்களை வாங்காதீர்கள். பிட்ஸ்பர்க் புறநகர்க் கடை ஒன்றில் எனக்கு விற்றது அப்படிப்பட்ட பைதான். சீட்டில் ‘.223’ என்று எழுதியிருந்தது. உள்ளே இருந்தவை 5.56 நேட்டோ ராணுவத் தோட்டாக்கள்.

வாங்கும்போதே கேட்டேன். குண்டின் முனையில் பச்சை வண்ணம் இருந்தது. “இது என்ன?” என்றதற்கு, “தயாரிப்பாளரின் அடையாளம், வேறொன்றுமில்லை” என்றார். “என் ரைஃபிள் குழலில் .223 என்றுதான் பொறித்திருக்கிறது, இது பொருந்துமா?” என்று கேட்டேன். “இரண்டும் ஒன்றுதான். நான் ஆயிரக்கணக்கில் சுட்டிருக்கிறேன். மானுக்கும் இதையே எடுத்துக்கொண்டு போகலாம்” என்றார். அவர் சொன்ன மூன்றும் தவறு.

சுடுதளத்தில் முதல் சில தோட்டாக்களிலேயே போல்ட்டின் (குழலின் பின்பக்கத்தை அடைக்கும் பூட்டு) கைப்பிடியைத் தூக்குவது கடினமாகிவிட்டது. அடுத்ததில் போல்ட்டின் பக்கவாட்டிலிருந்து சூடான வாயு சீறிக் கண்ணாடியில் அடித்தது. பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருந்ததால் கண் தப்பியது. சுடுதளப் பொறுப்பாளர் வெற்றுக் கூட்டைக் கையில் வாங்கி அடிப்பக்கத்தைக் காட்டினார். பிரைமர், அதாவது மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி, நசுங்கித் தட்டையாகி, விளிம்பு வரை பரவியிருந்தது. அதன் நடுவில் ஊசி குத்தியதுபோல ஒரு துளை. சுற்றிலும் கரி. எழுத்துகளோடு வட்டத்துக்குள் கூட்டல் குறி ஒன்றும் பொறித்திருந்தது. நேட்டோ தரத்தின் முத்திரை அது. சுடாத தோட்டா ஒன்றின் முனையருகே காந்தத்தைக் கொண்டுபோனார், ஒட்டிக்கொண்டது. எம்855 எனப்படும் ராணுவத் தோட்டாவில் ஈயத்துக்கு முன்னால் எஃகு முனை இருக்கும். பச்சை வண்ணம் அதைக் காட்டத்தான்.

இரண்டு தோட்டாக்களின் வெளி அளவும் ஏறத்தாழ ஒன்றே என்பது உண்மைதான். வேறுபாடு துப்பாக்கியின் சேம்பரில், அதாவது தோட்டா அமரும் அறையில், இருக்கிறது. கூட்டின் வாயைத் தாண்டி, குழலின் வரிப்பள்ளங்கள் தொடங்கும் வரை குண்டுக்குக் கொஞ்சம் இடைவெளி விடுவார்கள். ராணுவச் சேம்பரில் அந்த இடைவெளி நீளம்; .223 சேம்பரில் குறைவு. நீண்ட இடைவெளியைக் கணக்கில் வைத்துத் தயாரித்த 5.56 தோட்டாவைக் குறுகிய சேம்பரில் சுட்டால், குண்டு நகர்ந்தவுடனேயே பள்ளங்களில் சிக்கி, பின்னால் அழுத்தம் தாறுமாறாக ஏறுகிறது. அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர்களின் தர அமைப்பு வெளியிட்டுள்ள ஆபத்தான சேர்க்கைகளின் பட்டியலிலேயே, .223 சேம்பரில் 5.56 ராணுவத் தோட்டா என்பது இருக்கிறது. மாறாக, 5.56 சேம்பரில் .223 தோட்டாவைச் சுடலாம். ‘.223 வைல்ட்’ என்று பொறித்த சேம்பர் இரண்டையும் ஏற்கும்.

எல்லா ரைஃபிளிலும் இப்படி நடந்துவிடாது. சேம்பரின் துல்லிய அளவு, வெயில், தோட்டாவின் தொகுதி எல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. அந்தக் கடைக்காரர் ஆயிரக்கணக்கில் சுட்டிருக்கலாம். அவருடைய துப்பாக்கியைப் பற்றித்தான் அது ஏதாவது சொல்லும், என்னுடையதைப் பற்றி அல்ல.

.308 ரைஃபிள் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். .308 வின்செஸ்டர் 1952-இல் விற்பனைக்கு வந்தது. அதன் ராணுவ இணையான 7.62 நேட்டோ 1954-இல் ஏற்கப்பட்டது. ராணுவத் தோட்டாவின் அழுத்தம் 50,000, வேட்டைத் தோட்டாவின் அழுத்தம் 62,000 என்று ஒப்பிட்டுப் பேசுவதைப் பலரிடம் கேட்டிருப்பீர்கள். முதல் எண் செப்பு உருளையை நசுக்கி அளந்தது, இரண்டாவது மின் உணரியால் பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அலகில் அளந்தது. வேறு வேறு அலகுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து மிரள வேண்டியதில்லை. உண்மையில் இரண்டும் நெருங்கிய அழுத்தங்களே.

இங்கே ஆபத்து எதிர்த்திசையில் வருகிறது. நல்ல நிலையிலுள்ள .308 வேட்டை ரைஃபிளில் தரமான 7.62 நேட்டோ தோட்டா பொதுவாகச் சிக்கல் தருவதில்லை. ஆனால் பழைய ராணுவத் துப்பாக்கியின் சேம்பரில் .308 வேட்டைத் தோட்டாவைப் போடும்போது யோசிக்க வேண்டும். போல்ட்டின் முகத்திலிருந்து கூட்டின் தோள் அமரும் இடம் வரையான நீளம் .308-இல் 1.638 அங்குலத்தைத் தாண்டினால் அந்தத் துப்பாக்கியை ஒதுக்கிவிடுவார்கள். ராணுவத்தில் 1.6455 அங்குலம் வரை அனுமதித்தார்கள். இந்த நீளம் கூடினால் சுடும்போது கூடு இழுபடும். ராணுவக் கூடு தடித்த பித்தளை. அந்த இழுவையைத் தாங்கும். வேட்டைத் தோட்டாவின் கூடு மெல்லியது. அடிப்பாகத்துக்குச் சற்று மேலே இழுபட்டு இரண்டாகப் பிளக்கக்கூடும். பழைய ராணுவ ரைஃபிளை வாங்கினால், முதல் தோட்டாவைப் போடுவதற்கு முன் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து இந்த நீளத்தை அளந்துகொள்ளுங்கள். சில நிமிட வேலைதான்.

மான் வேட்டையைப் பற்றிச் சொன்னாரே, அதுதான் எனக்கு மிகுந்த கோபத்தைத் தந்தது. பென்சில்வேனியாவில் மானை ரைஃபிளால் சுட, உடலில் பட்டதும் விரியும் குண்டு அல்லது முழு ஈயக் குண்டு வேண்டும் என்பது சட்டம். முழு உலோக உறையிட்ட ராணுவக் குண்டு விரிவதற்கென்று செய்யப்பட்டதல்ல. துளைத்துக்கொண்டு போய்விட்டால் அந்த விலங்கு காயத்தோடு காட்டுக்குள் ஓடி, நாள் கணக்கில் கிடந்து சாகும். உரிமம் வாங்க வந்த புதியவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியவரே, தம் கையிருப்பைத் தள்ளிவிடுவதற்காகப் பொய் சொல்கிறார்.

பழுதுபார்ப்பவர் போல்ட்டைக் கழற்றிக் காட்டினார். துளையிட்ட பிரைமரிலிருந்து வந்த வாயு அரித்ததில் சுடும் ஊசியின் முனை பள்ளம் பள்ளமாக இருந்தது. ஊசியை மாற்ற வேண்டியதாயிற்று. ரசீதோடும் மிச்சத் தோட்டாக்களோடும் கடைக்குப் போனபோது, “விற்ற தோட்டாவைத் திரும்ப வாங்குவதில்லை” என்று சுவரில் தொங்கிய பலகையைக் காட்டினார்கள். சீட்டில் .223 என்று எழுதியது யார் என்று கேட்டேன், பதில் இல்லை. அதே போன்ற பைகள் அப்போதும் மேசை மேல் அடுக்கியிருந்தன.

மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறேன். உங்களிடம் இத்தகைய பை இருந்தால் ஒரு தோட்டாவின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வட்டத்துக்குள் கூட்டல் குறி இருந்தால் .223 ரைஃபிளில் போடாதீர்கள். குறி இல்லாவிட்டாலும் நம்ப வேண்டாம்: அடிப்பக்க முத்திரை கூட்டைத் தயாரித்தவரைத்தான் காட்டும்; உள்ளே மருந்தை நிரப்பியவர் வேறொருவராக இருக்கலாம். சீட்டையும் ரசீதையும் தூக்கி எறியாமல் வைத்திருங்கள். புகாருக்கு அவை வேண்டும்.