அலாய் வீல் பாலிஷ் கிட்: பஃப் அருமை, ரிமூவர் சுமார், உப்புத்தாள் போதாது

பழைய அலாய் வீலின் பெயிண்டை உரித்து, உலோகத்தை வெளியே கொண்டுவந்து, பளபளவென்று பாலிஷ் போட எல்லாமே ஒரே பெட்டியில் இருக்கிறது என்று சொல்லி விற்கிற கிட் இது. உள்ளே ஒரு பாட்டில் பெயிண்ட் ரிமூவர் ஜெல், ஒரு கட்டு உப்புத்தாள், டிரில் மெஷினில் மாட்டுகிற கூம்பு வடிவப் பஃப்கள் (பாலிஷ் போடுகிற துணி உருளைகள்), பழுப்பில் ஒன்றும் வெள்ளையில் ஒன்றுமாக பஃப்பில் தடவுகிற இரண்டு காம்பவுண்ட் (பாலிஷ்) கட்டிகள், கடைசியில் பளபளப்பைக் காக்கப் பூச ஒரு சின்ன டப்பா சீலன்ட். பாலிஷ் பகுதிக்கு முழு மார்க் போடலாம். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைக்குத்தான் இந்தப் பெட்டி பத்தாது, பாடு முழுக்க அங்கேதான் இருக்கிறது.

முதலில் ரிமூவர். இது பென்சைல் ஆல்கஹால் வகை. முன்பெல்லாம் கிடைத்த மெத்திலீன் குளோரைடு ரிமூவர் சில நிமிடத்திலேயே பெயிண்டைக் கொப்பளிக்க வைத்துவிடும், ஆனால் அதன் ஆவி உடம்புக்குள் போய் கார்பன் மோனாக்சைடாக மாறும், மூடிய இடத்தில் வேலை பார்த்து உயிர் போனவர்கள் உண்டு, அமெரிக்காவில் பொதுமக்களுக்கு அதைப் பெயிண்ட் ரிமூவராக விற்பதை 2019-ல் தடையே செய்துவிட்டார்கள். அதனால் மெதுவான ஜெல்லைப் போட்டிருப்பதில் எனக்குக் குறை இல்லை. குறை எங்கே என்றால், பெட்டியோடு வரும் தாளில் அரை மணி நேரம் போதும் என்று போட்டிருக்கிறார்கள். மேலே இருக்கிற கிளியர் லேக்கருக்கு, அதாவது நிறமில்லாத மேல்பூச்சுக்கு, வேண்டுமானால் அது சரி, சுருங்கி மேலே எழும்பிவிடுகிறது. அடியில் இருக்கும் பவுடர் கோட்டிங் சும்மா நனைந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பவுடரை 200 டிகிரி பக்கம் சூடாக்கி இறுக வைப்பார்கள், சாதாரண ஸ்பிரே பெயிண்ட் மாதிரி அது லேசில் விட்டுக்கொடுக்காது. தடிமனாகப் பூசி, பாலித்தீன் கவரால் இறுக்கச் சுற்றி, காய விடாமல் ஒரு ராத்திரி முழுக்க வைத்த பிறகுதான் பிளாஸ்டிக் சுரண்டிக்கு மசிந்தது. ஸ்போக் மடிப்புகளுக்கு மறுபடியும் ஒரு பூச்சு வேண்டும். பாட்டில் ஒரு வீலுக்கே சரியாகப் போய்விடுகிறது, நாலு வீலுக்கு என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம்.

பொறுமை போய் காஸ்டிக் சோடா ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அது பெயிண்டோடு சேர்த்து அலுமினியத்தையும் தின்னும், நுரைத்துக்கொண்டு ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும். பர்னர் வைத்துச் சுடுவது அதைவிட மோசம். இந்த வீல்கள் பெரும்பாலும் சுமார் 7 சதவீதம் சிலிக்கனும் கொஞ்சம் மக்னீசியமும் கலந்த வார்ப்பு அலுமினியம், பலமே வெப்பப் பதம் கொடுத்ததால்தான் வந்தது. கண்டபடி சூடு காட்டினால் அந்தப் பதம் போய்விடும், வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

அப்புறம் உப்புத்தாள். கிட்டில் 400, 800, 1500, 2000 நம்பர்கள் மட்டும் இருக்கின்றன (நம்பர் குறையக் குறையத் தாள் சொரசொரப்பாக இருக்கும்). புது வீலுக்கு வேண்டுமானால் பரவாயில்லை, ஆனால் புது வீலை யார் உரிக்கப் போகிறார்கள்? நடைபாதை ஓரத்தில் உரசின வடுவும், லேக்கருக்கு அடியில் புழு ஊர்ந்த மாதிரி வெள்ளையாகப் பரவின அரிப்பும் இருக்கிற வீலுக்கு 180 அல்லது 240-ல் ஆரம்பித்தே ஆக வேண்டும். 240, 320, 600, 1000 இவற்றைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். பாத்திரம் கழுவுகிற சோப்பு நாலு சொட்டு விட்ட தண்ணீரில் தாளை நனைத்துத் தேயுங்கள், ஒவ்வொரு நம்பர் மாற்றும்போதும் தேய்க்கிற திசையையும் குறுக்காக மாற்றுங்கள். முந்தின நம்பரின் கோடு முழுக்கப் போனதா என்று பார்க்க அதுதான் வழி. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் போதும், இந்தப் பக்கம் போகிற மெல்லிய கோடுகளுக்கு நடுவே அந்தப் பக்கம் போகிற ஒரு கோடு தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். அதை விட்டுவிட்டு மேலே போனால் கடைசியில் பளபளப்புக்கு நடுவே அதே கோடும் சேர்ந்து பளபளக்கும், காம்பவுண்ட் அதை அழிக்காது. ஸ்போக்குகளின் பின்பக்கம் வார்ப்பு அச்சின் சொரசொரப்போடு அப்படியே இருக்கும், அதைக் கண்ணாடியாக்க நினைத்தால் விரல்தான் தேயும். அங்கே பெயிண்ட் அடித்துவிடுவது உத்தமம்.

இனி நல்ல செய்தி. பஃப்கள் நிஜமாகவே தரமானவை, தையல் பிரிந்து நூல் பறக்கவில்லை, கூம்பின் முனை லக் நட் (வீலை இறுக்குகிற நட்டு) குழியின் ஓரம் வரைக்கும் போகிறது. முதலில் பழுப்புக் கட்டி, பிறகு வெள்ளை, ஒவ்வொன்றுக்கும் தனிப் பஃப். இரண்டையும் ஒரே பஃப்பில் போட்டால் வெள்ளைக் கட்டியே வீண். ஓட்ட ஆரம்பித்ததும் கன்னங்கரேலென்று ஒரு மை வழியும், பயந்துவிடாதீர்கள், காம்பவுண்டும் அறுபட்ட அலுமினியமும் கலந்த சேறு அது, வேலை நடக்கிறது என்று அர்த்தம். காய்வதற்குள் துடைத்துவிட வேண்டும். நிமிடத்துக்கு 2000 முதல் 3000 சுற்று ஓடுகிற டிரில் போதும், அழுத்தாமல் அதன் போக்கில் விட்டால் வெள்ளைக் கட்டிக்குப் பிறகு வீலில் முகம் தெரிகிறது. ஒரு சின்ன விஷயம், டிரிலின் சக் (பஃப்பைக் கவ்விப் பிடிக்கிற முனை) மேல் நாலு சுற்று டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். குறுகலான ஸ்போக் இடைவெளியில் பஃப் உள்ளே போகும்போது சக்கின் எஃகு விளிம்பு எதிர் ஸ்போக்கில் உரசும், தேய்த்த பாடெல்லாம் வீண்.

வழிமுறைத் தாளில் இல்லாதவை சில. டயர் வீலில் உட்காரும் விளிம்பு, லக் நட் உட்காரும் சரிவு, ஹப்போடு (வண்டியில் வீல் மாட்டுகிற நடுப்பகுதி) ஒட்டும் பின்முகம், இந்த மூன்றிலும் உப்புத்தாள் படவே கூடாது, அவை அளவாகக் கடைந்த இடங்கள். டயரைக் கழற்றிவிட்டு வேலை செய்வது நல்லது, பிரஷர் சென்சார் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். விரிசலோ நெளிவோ இருக்கிற வீலுக்குப் பாலிஷ் போட்டுப் பிரயோஜனம் இல்லை. குரோம் முலாம் பூசினதையும் மக்னீசியம் வீலையும் வீட்டில் தொட வேண்டாம், மக்னீசியத் தூள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூட முடியாது. மாஸ்க்கும் கண்ணாடியும் பெட்டியில் இல்லை, வைத்திருக்க வேண்டும்.

சீலன்ட் ரொம்பச் சுமார். வெறும் அலுமினியம் காற்றிலும் ஈரத்திலும் மங்கத்தான் செய்யும், பிரேக் தூசு அதை இன்னும் வேகப்படுத்தும். கிளியர் லேக்கர் அடித்துவிடலாமே என்றால், கண்ணாடி மாதிரி வழவழப்பாக்கின உலோகத்தில் அதற்குப் பிடிமானம் குறைவு, ஒரு கல் பட்டுச் சில்லு போனால் அங்கிருந்து உரிய ஆரம்பிக்கும். அதனால் அடிக்கடி வாக்ஸ் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அதற்கு நேரம் இல்லாதவர் பவுடர் கோட்டிங்கே கொடுத்துவிடலாம். வாங்குவதானால் பஃப்பும் கட்டியும் மட்டும் இருக்கிற சின்னப் பெட்டியும் வருகிறது, அதை எடுங்கள். வண்டியை வாட்டர் வாஷுக்கு விடும்போது கழுவுகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஆசிட் கலந்த வீல் கிளீனரோ காரமான டீகிரீசரோ பட்டால் ஒரே கழுவலில் வெண்படலம் படிந்துவிடும், சாதாரண ஷாம்பு போதும்.