படகு என்ஜினுக்கு ஆயில் மாற்றும் கை பம்ப்: சில சீசன் பயன்படுத்திய பிறகு

காரில் ஆயில் மாற்றிப் பழகியவர்களுக்குப் படகில் அப்படி என்ன கஷ்டம் என்று சட்டென்று புரியாது. காரென்றால் ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் ஒரு சட்டியை வைத்து, போல்ட்டைக் கழற்றினால் போதும். என்ஜின் உள்ளே உட்கார்ந்திருக்கும் படகிலும் அந்தப் போல்ட் உண்டு. ஆனால் அதற்கும் படகின் அடித்தளத்துக்கும் நடுவே சாப்பாட்டுத் தட்டுகூட நுழையாது. எப்படியோ கையை விட்டுத் திறந்துவிட்டாலும் ஆயில் போய்ச் சேரும் இடம் பில்ஜ், அதாவது படகின் அடிக்குழி. அங்கே எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், அது ஏறினால் தானாக ஓடி வெளியே தள்ள ஒரு பம்பும் இருக்கும். அந்தப் பம்புக்குத் தண்ணீரும் ஒன்றுதான், ஆயிலும் ஒன்றுதான். ஏரியில் வானவில் நிறத்தில் படலம் விரிந்துவிடும். கனடாவில் அது வெறும் அசிங்கமல்ல, சட்டப்படி குற்றமும்கூட.

எங்களுடையது மெர்க்ரூசர் 4.3 லிட்டர் வி6, பெட்ரோல், ஸ்டெர்ன்டிரைவ், அதாவது என்ஜின் உள்ளேயும் புரொப்பெல்லரைச் சுற்றும் டிரைவ் படகுக்குப் பின்னால் வெளியேயும் இருக்கும் வகை. நானும் மச்சானும் பங்கு போட்டு வாங்கிய பழைய படகு. டொரண்டோவுக்கு வடக்கே சிம்கோ ஏரியில் ஓடுகிறது, குளிர்காலத்தில் டிரெய்லரில் உறங்குகிறது. என்ஜினின் பிளாக் ஜெனரல் மோட்டார்ஸ் தயாரிப்பு, செவ்ரோலெட் பிக்கப்புகளில் ஓடிய அதே வகை. அதனால் உதிரிபாகத்துக்கும் ஆலோசனைக்கும் பஞ்சமில்லை. நூறு மணி நேரம் ஓட்டம் அல்லது வருஷத்துக்கு ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அப்போது ஆயில் மாற்ற வேண்டும் என்பது கணக்கு. நம்மைப்போல வார இறுதியில் மட்டும் ஓட்டுகிறவர்கள் நூறு மணி நேரத்தை எட்டுவதே அபூர்வம், ஆகவே வருஷத்துக்கு ஒன்று. அதையும் வசந்தத்தில் செய்யாமல், படகை மூடி வைப்பதற்கு முன் இலையுதிர் காலத்திலேயே முடித்துவிடுவது நல்லது. ஓடிய ஆயிலில் ஈரமும் அமிலமும் சேர்ந்திருக்கும். ஆறு மாதம் அதை பேரிங் மேல் ஊற வைப்பானேன்?

இந்த வேலைக்கு நாங்கள் வைத்திருப்பது வெற்றிடத்தில் இயங்கும் சாதாரண கை பம்ப். ஆறேழு லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் தொட்டி, மேலே ஒரு கைப்பிடி, பக்கத்திலிருந்து ஒரு ஒல்லி டியூப், அவ்வளவுதான். ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கை உருவிவிட்டு அது இருந்த குழாய்க்குள் டியூபை இறக்க வேண்டும். கைப்பிடியை இருபது முப்பது தடவை இழுத்து அமுக்கினால் தொட்டிக்குள் இருக்கும் காற்று வெளியேறிவிடும், அப்புறம் ஆயில் தானாக ஏறி வரும். இதில் எனக்குப் பிடித்த விஷயம், பம்பின் வழியாக ஆயில் போவதே இல்லை என்பதுதான். ஆயில் நேரே தொட்டியில் விழுகிறது, பம்ப் காற்றை மட்டும் இழுக்கிறது. ஆகவே உள்ளே பிசுக்குப் பிடித்துக் கெட்டுப்போக எதுவும் இல்லை. இத்தனை சீசன் கழித்தும் கைப்பிடி முதல் நாள் மாதிரியே நகர்கிறது.

ஆனால் சூடான ஆயிலைத்தான் அது சுலபமாக இழுக்கும். படகு தரையில் இருந்தால் டிரைவின் தண்ணீர் வாயில் இரண்டு ரப்பர் கவசங்களை மாட்டி, தோட்டக் குழாயைத் திறந்துவிட்டுப் பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் வாட்டர் பம்புக்குள் சுழலும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் கருகிவிடும். அதற்கும் முன்னால், என்ஜின் அறைக் காற்றை வெளியேற்றும் விசிறியான புளோயரை நாலு நிமிடம் ஓட விடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, பில்ஜில்தான் போய்த் தங்கும். பத்து நிமிடம் ஓட்டி, அணைத்து, ஆயில் கீழே வடியக் கொஞ்ச நேரம் விட்டால் சரியாக இருக்கும். கொதிக்கக் கொதிக்க இழுக்காதீர்கள், டியூப் இளகித் தட்டையாகிவிடும்.

டியூபை இறக்குவதில் ஒரு கைப்பழக்கம் தேவை. அது அடியைத் தொடுவது விரலில் தெரியும். தொட்ட பிறகும் தள்ளிக்கொண்டே போனால் நுனி வளைந்து மேலே திரும்பிக்கொள்ளும். பாதி ஆயில் வந்ததும் கரகரவென்று காற்று இழுக்கும் சத்தம் கேட்கும், வேலை முடிந்துவிட்டது என்று ஏமாந்துபோவோம். தொட்ட இடத்திலிருந்து ஒரு விரற்கடை மேலே இழுத்து வைத்தால் சரி. சத்தம் வந்த பிறகும் டியூபை மெல்லத் திருப்பி, ஏற்றி இறக்கிப் பாருங்கள், இன்னும் ஒரு கப் வரும். எங்கள் என்ஜின் குடிப்பது நாலு லிட்டர் அளவில். தொட்டியில் போட்டிருக்கும் கோட்டைப் பார்த்தாலே எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி என்று தெரிந்துவிடும். அந்தப் பாக்கியில் பெரும்பங்கு பில்ட்டருக்குள் இருக்கும்.

தொட்டி கண்ணாடி மாதிரி இல்லாவிட்டாலும் உள்ளே இருப்பது நிழலாகத் தெரிகிறது. இது வெறும் வசதி மட்டுமல்ல. பெட்ரோல் என்ஜினின் பழைய ஆயில் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்க வேண்டும். பால் விட்ட காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். குளிரில் பிளாக் வெடித்திருக்கலாம், புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிபோல்ட் அரித்திருக்கலாம். அப்போது புது ஆயில் ஊற்றிப் பயனில்லை, மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதான். ஆயிலில் பெட்ரோல் வாடை தூக்கலாக இருந்தாலும் கவனிக்க வேண்டும்.

சரி, அசிங்கமில்லாமல் முடிந்ததா என்றால், பம்பைப் பொறுத்தவரை ஆமாம். அசிங்கம் முழுக்க பில்ட்டரில் இருக்கிறது. பம்ப் விற்கும் பெட்டியின் மேல் சிரித்துக்கொண்டு நிற்கிறவர் இதைச் சொல்வதே இல்லை. என்ஜினின் பக்கவாட்டில், கை எட்டியும் எட்டாமலும் இருக்கும் அந்த டப்பாவைக் கால் சுற்றுத் திருப்பினாலே விளிம்பு வழியாக ஆயில் கசியத் தொடங்கும். முதல் சீசனில் அதன் கீழே கந்தல்துணியை அடைத்துப் பார்த்தோம். துணி நனைந்ததும் அதன் மறுபக்கம் சொட்டியது. இப்போது செய்வது இதுதான். பட்டை ஸ்பேனரால் இறுக்கத்தை மட்டும் தளர்த்துகிறோம். அப்புறம் ப்ரீசரில் வைக்கும் தடித்த ஜிப் பையை பில்ட்டரின் மேல் முழுக்க ஏற்றி, பையின் வாயை மேல் விளிம்பில் ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பைக்கு வெளியிலிருந்தே மறு கையால் சுற்றிக் கழற்றுகிறோம். பில்ட்டரும் அதிலிருந்து வழிகிற ஆயிலும் ஒன்றாகப் பைக்குள் விழும், ஜிப்பை மூடினால் விஷயம் முடிந்தது. மெல்லிய மளிகைப் பை இதற்கு ஆகாது, பில்ட்டரின் விளிம்பே கிழித்துவிடும்.

பழைய பில்ட்டரின் ரப்பர் வளையம் அதோடு வந்துவிட்டதா என்று பார்த்தே ஆக வேண்டும். சில சமயம் அது என்ஜின் முகத்திலேயே ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் புது வளையம் உட்கார்ந்தால், என்ஜின் ஸ்டார்ட் ஆனதும் அழுத்தத்தில் ஆயில் பீய்ச்சி அடிக்கும், மாற்றிய நாலு லிட்டரும் பில்ஜுக்குத்தான். விரலால் தடவிப் பார்ப்பது கண்ணால் பார்ப்பதைவிட நம்பகமானது. புது வளையத்தில் துளி ஆயில் தடவி, கையாலேயே முடுக்கி, தொட்ட பிறகு முக்கால் சுற்று. ஸ்பேனர் போட்டு இறுக்கினால் அடுத்த வருஷம் கழற்றும்போது அழுவீர்கள்.

சிந்தும் ஆயிலை உறிஞ்ச பில்ஜில் விரித்து வைக்கும் பட்டைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடல்சார் கடைகளில் வெள்ளையாகக் கிடைப்பவை பாலிப்ரோப்பிலீன். அவை ஆயிலை உறிஞ்சும், தண்ணீரைத் தொடாது. சாம்பல் நிறத்தில் வருபவை பொதுவாக இரண்டையும் குடிப்பவை. "குழந்தையோட டயபர் இருக்கே, எதுக்கு மச்சான் காசு?" என்று எங்கள் வீட்டிலும் கேள்வி வந்தது. டயபருக்குள் இருக்கும் பொடி தண்ணீரைத்தான் விரும்பிக் குடிக்கும். பில்ஜ் தண்ணீரில் ஊதிப் பெருத்து உட்கார்ந்துகொள்ளும், ஆயில் அதன் பக்கத்தில் ஜாலியாக மிதக்கும். பாத்திரம் கழுவும் சோப்பை ஊற்றிக் கலைப்பது அதைவிட மோசம். படலம் கண்ணுக்கு மறைகிறதே தவிர ஆயில் எங்கும் போவதில்லை, துளித்துளியாகத் தண்ணீருக்குள் இறங்கி அங்கேயே இருக்கிறது.

பம்பின் குறைகளுக்கு வருகிறேன். தொட்டியின் மூடியில் ஓரிங் என்ற ரப்பர் வளையம் ஒன்று இருக்கிறது. அது காய்ந்துவிட்டால் வெற்றிடம் நிற்காது, எவ்வளவு அடித்தாலும் ஆயில் டியூபில் பாதி வரை ஏறி நின்றுவிடும். எங்களுடையது இரண்டாவது சீசனிலேயே இப்படி மக்கர் செய்தது. கொஞ்சம் சிலிகான் கிரீஸ் தடவியதும் சரியானது. புது ஓரிங் ஒன்றைப் பெட்டியிலேயே போட்டுக்கொடுக்க அவர்களுக்கு மனமில்லை. அக்டோபர் குளிரில் டியூப் கம்பி மாதிரி விறைத்துக்கொள்ளும், வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்தால் வழிக்கு வரும். எல்லாவற்றிலும் எரிச்சலூட்டுவது டியூபை வெளியே எடுக்கும் கட்டம். நுனியிலிருந்து வழிகிற சில துளிகள் இருக்கைத் துணியில் விழுந்தால் போகவே போகாது. வெற்றிடம் இன்னும் மிச்சமிருக்கும்போதே, துணியால் டியூபைப் பிடித்துத் துடைத்தபடி உருவினால் டியூபில் இருப்பதையும் தொட்டியே இழுத்துக்கொள்ளும்.

பேட்டரியில் கவ்விகளை மாட்டி ஓட்டும் 12 வோல்ட் குட்டி பம்புகளை நான் சிபாரிசு செய்யமாட்டேன். விலை குறைவுதான், கையும் வலிக்காது. ஆனால் கவ்வியை மாட்டும்போதும் கழற்றும்போதும் பொறி பறக்கும். பெட்ரோல் படகில் என்ஜின் அறைக்குள் இருக்கும் மின்சாதனம் எதுவும் பொறியை வெளியே விடாத வகையாக இருக்க வேண்டும் என்று விதி வைத்திருப்பது சும்மா இல்லை. டீசல் படகுக்காரர்கள் வேண்டுமானால் யோசிக்கலாம்.

பம்பே வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி, ஆயில் சட்டியின் போல்ட்டுக்குப் பதிலாக ஒரு ஹோஸை நிரந்தரமாக மாட்டிவிடுவது. டிரெய்லரில் இருக்கும்போது படகின் பின்புற வடிகால் ஓட்டை வழியாக அதன் நுனியை வெளியே இழுத்து, மூடியைத் திறந்தால் ஆயில் நேரே வாளியில் இறங்கும். பல புது படகுகளில் தொழிற்சாலையிலேயே இது வருகிறது. படகை எப்போதும் தண்ணீரிலேயே கட்டி வைக்கிறவர்களுக்கு இது உதவாது, அவர்களுக்கு டிப்ஸ்டிக் வழிதான்.

புது ஆயில் வாங்கும்போது டப்பாவில் எஃப்சி-டபிள்யூ என்ற முத்திரையைப் பார்க்கிறேன். அமெரிக்கப் படகு உற்பத்தியாளர் சங்கமான என்எம்எம்ஏ தரும் சான்று அது. துருவைத் தடுக்கிறதா என்றும் சோதித்த பிறகே கொடுக்கிறார்கள். மாதக்கணக்கில் சும்மா நிற்கும் என்ஜினுக்கு அதுதான் முக்கியம். முழு அளவையும் ஒரே மூச்சில் ஊற்றாமல் அரை லிட்டர் குறைவாக ஊற்றி, ஒரு நிமிடம் ஓட்டி, ஆற விட்டு டிப்ஸ்டிக்கைப் பார்த்து நிரப்புங்கள். டிரெய்லரில் படகின் மூக்கு தூக்கியிருந்தால் டிப்ஸ்டிக் பொய் சொல்லும், முதலில் மட்டம் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய ஆயிலைப் புது ஆயில் வந்த டப்பாக்களிலேயே திரும்ப ஊற்றி, வீட்டு அபாயக் கழிவு வாங்கும் மையத்தில் கொடுத்துவிடலாம். டொரண்டோ மாநகராட்சி மையங்களில் வாங்கிக்கொள்கிறார்கள். தண்ணீரோ கூலன்ட்டோ அதில் கலக்கவே கூடாது. கார் டிக்கியில் தொட்டியை நிமிர்த்தி ஒரு பால் கிரேட்டுக்குள் வையுங்கள், படுக்க வைத்தால் மூடி கசியும்.

வாங்கப் போகிறவர்கள் கடைக்குப் போகும் முன் உங்கள் டிப்ஸ்டிக் குழாயின் வாயைப் பாருங்கள். சில என்ஜின்களில் அதிலேயே மரை இருக்கும், பம்பின் ஹோஸை நேரே முடுக்கிவிடலாம், ஒல்லி டியூபோடு மல்லுக்கட்டவே வேண்டாம். அந்த இணைப்பு கூட வருகிற பம்பாகப் பார்த்து எடுங்கள். படகுக்கு வெளியே பின்னால் மாட்டும் நாலு ஸ்ட்ரோக் என்ஜின் (அவுட்போர்ட்) வைத்திருப்பவர்களும் இதே பம்பைப் பயன்படுத்தலாம், வடிகால் திருகைத் திறந்து காலெல்லாம் ஆயில் வழிய விடுவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் டிரைவின் கியர் ஆயிலுக்கு இது சரிவராது. அதற்கு அடியிலுள்ள திருகைத்தான் திறக்க வேண்டும், நிரப்பும்போதும் கீழிருந்து மேலாக நிரப்பும் தனி பம்ப் வேண்டும்.