வாசலில் தடையா, பாதி வழியில் தடையா?

முட்டைக்கோஸும் காட்டுப் பெட்டூனியாவும் தன் மகரந்தத்தை ஒதுக்குபவைதான். ஒதுக்கும் இடம்தான் வேறு. முட்டைக்கோஸில் சூலகமுடியிலேயே, அதாவது பூவின் பெண் உறுப்பின் நுனியிலேயே, கதவு அடைபடும். மகரந்தத் தூளின் மேலுறையிலுள்ள சிறு புரதம் தன் செடியுடையது என ஏற்பி (சூலகமுடியில் அதை அடையாளம் காணும் புரதம்) கண்டுகொண்டால், தூளுக்கு நீர் கிடைக்காது. முளைக்காமல் காய்ந்தே கிடக்கும். பெட்டூனியாவில் தூள் முளைத்துக் குழாயும் விடும். சூலகமுடிக்குக் கீழுள்ள சூலகத்தண்டில் இறங்கும்போது ஆர்என்ஏவைச் சிதைக்கும் நொதி அதை முடக்கிவிடும்.

இன்னொரு முக்கிய வேறுபாடு: பெட்டூனியாவில் தூளின் சொந்த மரபணுவே அடையாளம். முட்டைக்கோஸில் தூளைத் தந்த செடியின் மரபணுக்கள் அதை முடிவு செய்கின்றன.

தன்மகரந்த விதை வேண்டுவோருக்கு முட்டைக்கோஸில் மொட்டே வழி. பூக்க 2 முதல் 4 நாள் இருக்கும் மொட்டைக் கிடுக்கியால் பிரித்து, அதே செடியின் விரிந்த பூவிலிருந்து மகரந்தம் தடவுங்கள். ஏற்பி அப்போது போதிய அளவு இருக்காது. கிடுக்கி பட்டுச் சூலகமுடி நசுங்கினால் விதை பிடிக்காது.