மூன்று வருஷம் ஒரே கோல்ஃப் ஷாஃப்ட்: ஸ்டிஃப்பை விட்டு ரெகுலருக்கு வந்த அனுபவம்

மாதத்தில் இரண்டு சனிக்கிழமை விடியற்காலையே மதுரையிலிருந்து கிளம்பி, வத்தலக்குண்டில் ஒரு டீ குடித்துவிட்டு மலையேறுவேன். ஏறக்குறைய 120 கிலோமீட்டர். 1895-இல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் கிளப்பில் நண்பர் உறுப்பினர். அவருடைய விருந்தாளியாக ஆடுகிறேன். என் டிரைவரில், அதாவது அதிக தூரம் அடிக்கும் மட்டையில், இப்போது இருக்கும் ஷாஃப்ட்டுக்கு (தண்டுக்கு) மூன்று வருஷம் ஆகிவிட்டது. 55 கிராம் கிராஃபைட், ரெகுலர் ஃபிளெக்ஸ். ஃபிளெக்ஸ் என்றால் தண்டு வளையும் அளவு: ரெகுலர் கொஞ்சம் வளையும், ஸ்டிஃப் இறுக்கமாக நிற்கும். புதுசு வாங்கின சூட்டில் எழுதக்கூடாது என்றுதான் இவ்வளவு நாள் பொறுத்திருந்தேன்.

முன்பு இருந்தது 65 கிராம் ஸ்டிஃப். "உங்க உடம்புக்கு ஸ்டிஃப்தான் சார்" என்று கடையில் சொன்னார்கள், வாங்கினேன். பந்து தாழ்வாகக் கிளம்பி வலது பக்கம் ஒதுங்கும். ஒன்பது குழி முடிவதற்குள் தோள்பட்டை இறுகிவிடும். பெரியவர் ஒருவர் எனக்குக் கேடியாக, அதாவது மட்டைப் பை தூக்கி வரும் துணையாக, வந்தார். ஒன்றிரண்டு மணி நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, "குச்சி வேலை செய்யல சார். எல்லா வேலையும் நீங்களே செய்றீங்க" என்றார்.

எனக்கு அது உடனே பிடிபட்டதற்குக் காரணம் என் தாத்தா. அலங்காநல்லூர் பக்கம் சிலம்பம் சொல்லிக்கொடுத்தவர். கம்பைத் தரையில் ஊன்றி நெற்றி உயரத்துக்கு அளப்பார். அப்புறம் கையில் பிடித்து ஓர் உலுக்கு. நுனி அதிர்ந்து அடங்குவதை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டுதான் ஆகும், ஆகாது என்பார். "கம்பு கைக்கு முந்தவும் கூடாதுடா, பிந்தவும் கூடாது." ஷாஃப்ட்டுக்கும் எனக்கு அதுதான் கணக்கு. மேலே போன கை கீழே திரும்பும் நொடியில் ஷாஃப்ட் வளைவது விரலுக்குத் தெரிய வேண்டும். ஸ்டிஃப்பில் கடப்பாரையை வீசுவது போலத்தான் இருந்தது.

பெங்களூரில் ஓரிடத்தில் மட்டை வீசும் வேகத்தை அளந்தேன்: மணிக்கு 91 மைல். 85 முதல் 95 வரை ரெகுலர், அதற்கு மேல் ஸ்டிஃப் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் ஷாஃப்ட்டில் எழுதியிருக்கும் அந்தப் பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு கம்பெனி ரெகுலர் என்பது இன்னொரு கம்பெனியின் ஸ்டிஃப்புக்குக் கிட்டத்தில் இருக்கும். அதே 91 மைலில் வெடுக்கென்று இழுத்து அடிப்பவருக்குக் கொஞ்சம் இறுக்கமானது வேண்டும். நான் நிதானமாகத் திரும்புகிறவன்.

தூரம் கூடியதா? கூடியது. ஆனால் இதில் ஏமாறவும் வழி இருக்கிறது. கொடைக்கானல் கிட்டத்தட்ட 7,000 அடி உயரம். காற்று லேசு என்பதால் கடல்மட்டத்தைவிட சுமார் 8 சதவீதம் பந்து கூடப் போகும். சென்னையில் 195 கெஜம் பறக்கும் அடி அங்கே 210-ஐத் தொடும். அதனால் பழையதையும் புதியதையும் ஒரே நாளில், ஒரே இடத்தில், ஒரே பந்தில் மாற்றி மாற்றி அடித்தேன். 12 கெஜம் வித்தியாசம். எனக்கு அதைவிடப் பெரிது, பத்து முறை அடித்தால் ஏழு முறை பந்து ஃபேர்வேயில், அதாவது புல் வெட்டிய நடுப்பாதையில், நின்றது. காட்டுமாடு மேயும் ஓரத்துக்குப் பந்து தேடிப் போவது குறைந்தது.

டிரைவரை அரை அங்குலம் வெட்டி 45 அங்குல நீளத்துக்குக் கொண்டுவந்தது தனிக்கதை. வெட்டியதும் தலைப்பக்கம் எடையே இல்லாத மாதிரி ஆனது. தலையின் அடியில் சின்ன ஈயத் தகடு ஒட்டிய பிறகுதான் பழைய உணர்வு திரும்பியது.

மதுரைக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இரண்டாவது வருஷம் கத்திரி வெயிலில் கோல்ஃப் பையை நான்கு நாள் கார் டிக்கியிலேயே விட்டுவிட்டேன். அடுத்த முறை அடித்தபோது, ஷாஃப்ட் மட்டைத் தலையில் சேரும் கழுத்தில் 'டிக்' என்று சத்தம். பார்த்தால் கறுப்பு பிளாஸ்டிக் வளையம் நகர்ந்து, நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. சூட்டில் எபாக்ஸி பசை தளர்ந்திருக்கிறது. பழைய பசையை உப்புத்தாளால் சுரண்டி, புதிதாக ஒட்டி, ஒரு நாள் முழுக்க அசைக்காமல் வைத்த பிறகு இன்றுவரை தொந்தரவு இல்லை. பை இப்போது வீட்டுக்குள்தான் இருக்கிறது.

அயர்னில் (குறைந்த தூரத்துக்கான இரும்புத் தலை மட்டைகளில்) நான் கிராஃபைட் ஷாஃப்ட்டுக்குப் போகவில்லை. பந்து நடுவில் பட்டதா, ஓரத்தில் பட்டதா என்று ஸ்டீல்தான் எனக்குத் தெளிவாகச் சொல்கிறது. 130 கிராமை விட்டு 100 கிராமுக்குள் வரும் ஸ்டீலுக்கு இறங்கினேன். கடைசி நான்கு குழியிலும் கை சோர்வதில்லை.

இனி மாற்ற வேண்டியது டிரைவருக்கு அடுத்தபடி தூரம் அடிக்கும் 3 வுட் மட்டையின் ஷாஃப்ட் மட்டும்தான். டிரைவரைவிட ஐந்தாறு கிராம் கூடுதலாக, அதே ரெகுலரில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.