நத்தைக்கு எது சரி: உப்பா, முட்டை ஓடா, ஈரச் சாக்கா?

ஐப்பசி மழை பிடித்ததும் மாடித்தோட்டத்தில் முதலில் அடிவாங்குவது கீரை நாற்றுதான். காலையில் பார்த்தால் இலையெல்லாம் ஓட்டை, தொட்டி விளிம்பில் காய்ந்த கோழைத் தடம். ஓடில்லா நத்தையின் வேலை. ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள்.

உப்பு தூவினால் நத்தை சாகும், சந்தேகமே இல்லை. உடம்பிலுள்ள நீரை உப்பு இழுத்துவிடும். ஆனால் அடுத்த மழையில் அது கரைந்து வேருக்குத்தான் போகும். சின்னத் தொட்டியில் கீரையும் சேர்ந்து கருகும். மண்ணில் உப்பு வேண்டவே வேண்டாம்.

முட்டை ஓட்டுக்குத்தான் ஊரெல்லாம் பேர். நொறுக்கிப் போட்டால் வயிற்றில் குத்துமாம். நத்தையோ தன் கோழையையே விரித்து அதன்மேல் ஊர்ந்து போகிறது. இங்கிலாந்தின் ராயல் ஹார்டிகல்ச்சுரல் சொசைட்டி முட்டை ஓடு, செப்புப் பட்டை, மரப்பட்டைத் தூள் எல்லாவற்றையும் லெட்யூஸ் செடிகளைச் சுற்றிப் போட்டுப் பார்த்து, எதனாலும் சேதம் குறையவில்லை என்று 2018இல் சொல்லிவிட்டது. முட்டை ஓட்டை உரக்குழியில் போடுங்கள். அடுப்புச் சாம்பல் காய்ந்திருக்கும்வரை தடுக்கும். மழைக்காலத்தில் அது எத்தனை நேரம்?

காபிக்குக் கொஞ்சம் நியாயம் உண்டு. ஹவாயில் 1 முதல் 2 சதவீதக் காஃபீன் கரைசலைத் தெளித்தபோது நத்தைகள் செத்தன. 2002இல் வெளிவந்த ஆய்வு அது. நாம் குடிக்கும் காபியில்கூட அவ்வளவு காஃபீன் கிடையாது. பில்டரில் மிஞ்சும் சக்கையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், சத்தெல்லாம் டிகாக்‌ஷனோடு இறங்கியிருக்கும். புகையிலைக் கஷாயம் வீட்டிலேயே காய்ச்சுவதுதான் என்றாலும் நிக்கோடின் விஷம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்தப் பேச்சே வேண்டாம்.

மிஞ்சுவது பொறி இரண்டு. புளித்த வாசனைக்கு நத்தை வரும். அதற்காக பீர் வாங்க டாஸ்மாக்கில் போய் நிற்க வேண்டியதில்லை. தண்ணீரில் ஈஸ்ட்டும் சர்க்கரையும் கலந்து, கிண்ணத்தை மண்ணில் பதித்தால் போதும். விளிம்பு மண்ணுக்கு மேல் கொஞ்சம் நிற்கட்டும், இல்லாவிட்டால் நல்ல வண்டுகளும் விழும். மழை பெய்தால் எல்லாம் நீர்த்துப்போகும் என்பதுதான் தொல்லை.

என் ஓட்டு ஈரச் சாக்குக்கு. பழைய கோணிச் சாக்கை நனைத்து, உள்ளே பப்பாளி இலையோ முட்டைக்கோஸ் தழையோ வைத்து, சாயங்காலம் தொட்டிகளுக்கு நடுவில் போடுங்கள். ராத்திரி மேயும் நத்தைகள் விடியும்போது ஒதுங்க இடம் தேடி அதற்குள் புகுந்துகொள்ளும். வெயில் ஏறுமுன் சாக்கைப் புரட்டினால் அடியில் வரிசையாக ஒட்டியிருக்கும். ஆப்பிரிக்க ராட்சத நத்தைக்கும் இதே வழிதான். பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். உப்புக்கு வேலை அங்கேதான். மழை வந்தால் மற்ற வைத்தியம் கெடும், சாக்குக்கு நல்லதுதான்.

கையுறை கட்டாயம். மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் ஒருவகைப் புழு நத்தைகளில் இருக்கலாம். கீரையையும் இலை இலையாகப் பிரித்துக் கழுவி, வேகவைத்தே சாப்பிடுங்கள். அப்புறம், மழையில்லாத நாளில் தண்ணீரைக் காலையில் ஊற்றுங்கள். சாயங்காலம் ஊற்றினால் ராத்திரி முழுக்க மண் ஈரமாகவே இருக்கும், நத்தைக்கு அதுதான் வேண்டும்.